நெட்வொர்க் சுவிட்ச் பூட் ஆகும்போது எதை எடுக்கிறது? தொடக்க செட்டிங்கைச் சரியாக வைப்பது எப்படி?

ஒருநாள் உட்கார்ந்து, சுவிட்சை போர்ட் போர்ட்டாக விலான்களாக (ஒரே சுவிட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்) பிரித்து, எல்லாம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு நிம்மதியாகப் போய்விட்டேன். இரவு கரண்ட் போய் வந்திருக்கிறது. காலையில் பார்த்தால் நான் உருவாக்கிய விலான்கள் அப்படியே இருக்கின்றன, ஆனால் அத்தனை போர்ட்டும் விலான் 1-க்கே திரும்பிவிட்டன! தப்பு என்னுடையதுதான், சேவ் செய்யவில்லை. சரி, அப்படியென்றால் விலான் மட்டும் எப்படித் தப்பித்தது? இதைப் புரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

இங்கே சொல்வதெல்லாம் சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 2960 என்ற சுவிட்சை வைத்து. கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

பவர் கொடுத்ததும் சுவிட்ச் முதலில் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். அப்புறம் பூட் லோடர் என்ற சின்ன மென்பொருள் எழுந்து, ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கும் ஐஓஎஸ் (சுவிட்சின் இயங்குதளம்) கோப்பைத் தேடி ரேமில் ஏற்றும், ஐஓஎஸ் எழுந்ததும் சேமித்து வைத்த செட்டிங்கான ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கைப் படிக்கும். நாம் தட்டுகிற மாற்றங்களோ ரன்னிங் கான்ஃபிக்கில்தான் (இப்போது ஓடும் செட்டிங்) விழுகின்றன, அது இருப்பது ரேமில், பவர் போனால் அதுவும் போச்சு. விலான் பட்டியல் மட்டும் வழக்கமான அமைப்பில் விலான்.டாட் என்ற தனிக் கோப்பில் அப்போதைக்கப்போதே ஃபிளாஷில் பதிவாகிவிடும். எந்த போர்ட் எந்த விலானில் என்பது அதில் இல்லை. என் போர்ட்டுகள் போனது அதனால்தான்.

முதலில் கணினியையும் சுவிட்சையும் நேராக இணைக்கும் கன்சோல் கேபிளை மாட்டி, கணினியின் டெர்மினல் மென்பொருளில் வேகம் 9600, டேட்டா பிட் 8, பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1 என்று வையுங்கள். ஃப்ளோ கன்ட்ரோல் வேண்டாம். உள்ளே போய் 'எனேபிள்' கொடுத்ததும் பார்க்க வேண்டியது:

ஷோ பூட்

இதில் மூன்று வரிகள் போதும். பூட் பாத்-லிஸ்ட் என்பது எந்த ஐஓஎஸ் கோப்பு, கான்ஃபிக் ஃபைல் என்பது எந்த செட்டிங் கோப்பு (வழக்கமாக ஃபிளாஷில் உள்ள கான்ஃபிக்.டெக்ஸ்ட்), மேனுவல் பூட் 'நோ' என்று இருந்தால் சுவிட்ச் தானாக எழும். பாத்-லிஸ்ட் காலியாக இருந்தால் ஃபிளாஷில் தேடி முதலில் கிடைக்கிற ஐஓஎஸ் கோப்பையே எடுத்துக்கொள்ளும். பழையதும் புதியதும் சேர்ந்து கிடந்தால் எது வரும் என்று நம்ப முடியாது, அதனால் நாமே சொல்லிவிடுவது நல்லது.

'டிர் ஃபிளாஷ்:' கொடுத்து, .பின் என்று முடியும் கோப்பின் பெயரை அப்படியே காப்பி செய்துகொள்ளுங்கள். அது ஏதாவது ஃபோல்டருக்குள் இருந்தால் ஃபோல்டர் பெயரும் சேர வேண்டும். கையால் தட்டாதீர்கள், ஓர் எழுத்து பிசகினாலும் அடுத்த ரீலோடில் (மறுதொடக்கத்தில்) சுவிட்ச் எழாமல் 'சுவிட்ச்:' என்ற பிராம்ப்ட்டில் நின்றுவிடக்கூடும். (நின்றால் பயப்பட வேண்டாம், அங்கேயே 'பூட் ஃபிளாஷ்:' போட்டு சரியான கோப்பின் பெயரைக் கொடுத்தால் எழுந்துவிடும்.)

கான்ஃபிகர் டெர்மினல்
பூட் சிஸ்டம் ஃபிளாஷ்:/கோப்பின் பெயர்
எண்ட்
காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்

கடைசி வரிதான் சேவ் செய்வது, அன்று நான் விட்டதும் அதைத்தான். மறுபடி 'ஷோ பூட்' பார்த்துவிட்டு 'ரீலோட்' கொடுங்கள். சேவ் செய்யாத மாற்றம் ஏதாவது இருந்தால் சேமிக்கவா என்று அதுவே கேட்கும், என்டரைத் தட்டிக்கொண்டே போகாமல் படித்துப் பதில் சொல்லுங்கள்.

தூரத்திலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று: ஐபி, டிரங்க் (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பு) மாதிரி ஆபத்தான இடத்தில் கை வைக்கும் முன் 'ரீலோட் இன் 10' போட்டுவிடுங்கள். தொடர்பு அறுந்தாலும் 10 நிமிடத்தில் சுவிட்ச் தானே ரீலோட் ஆகி பழைய செட்டிங்கோடு வரும். எல்லாம் சரியாக இருந்தால் 'ரீலோட் கேன்சல்', அதற்குப் பிறகுதான் சேவ். முதலிலேயே சேவ் செய்தால் இந்த வித்தை பலிக்காது.

பாஸ்வேர்டு மறந்துவிட்டதா? பவரைப் பிடுங்கி மறுபடி மாட்டி, சிஸ்டம் விளக்கு பச்சையில் மினுக்கும்போதே முன்பக்க மோட் பட்டனை அழுத்துங்கள். விளக்கு ஒரு கணம் ஆம்பர் நிறமாகி நிலையான பச்சைக்கு வந்ததும் விடுங்கள். 'சுவிட்ச்:' வந்ததும்:

ஃபிளாஷ்_இனிட்
ரீநேம் ஃபிளாஷ்:கான்ஃபிக்.டெக்ஸ்ட் ஃபிளாஷ்:கான்ஃபிக்.ஓல்டு
பூட்

செட்டிங் கோப்பு கண்ணில் படாததால் சுவிட்ச் புதிதுபோல எழுந்து, ஆரம்ப அமைப்புக்குப் போகலாமா என்று கேட்கும், 'நோ' சொல்லுங்கள். பாஸ்வேர்டு கேட்காமலே 'எனேபிள்' திறக்கும். கோப்புக்குப் பழைய பெயரையே வைத்து, அதை ரன்னிங் கான்ஃபிக்குக்கு காப்பி செய்து, பாஸ்வேர்டை மாற்றுங்கள். விலான் இன்டர்ஃபேஸ் ஷட்டவுனில் இருந்தால் 'நோ ஷட்டவுன்' கொடுத்து, உடனே சேவ் செய்துவிடுங்கள்.