டிராகன்ஸ் டாக்மா 2: படுக்கப் போகும் முன் கண்களைப் பாருங்கள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் அக்கா மகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, ஊரில் ஒருவரையும் காணோம். கேம் சரியாக லோடு ஆகவில்லையா?" என்று கேட்டான். இரவு எங்கே தங்கினாய் என்று கேட்டேன். வெர்ன்வொர்த் விடுதியில் என்றான். அதற்கு மேல் எதையும் கேட்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை, ஏனென்றால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நானும் அதே நகரத்தில், அதே போல வெறிச்சோடிய தெருவில் நின்றுகொண்டு, அதே கேள்வியைத்தான் எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

2024 மார்ச் 22 அன்று காப்காம் வெளியிட்ட இந்த விளையாட்டை நான் இருமுறை முடித்துவிட்டு மூன்றாம் முறை ஆடிக்கொண்டிருக்கிறேன். நல்ல விளையாட்டா என்று யாராவது கேட்டால் எனக்கு உடனே பதில் வருவதில்லை. கதை பாதியில் தளர்ந்துவிடுகிறது. எதிரிகளின் வகைகள் குறைவு என்பதால் நாற்பதாம் மணி நேரத்திலும் அதே காப்ளின் கூட்டம்தான் புதரிலிருந்து பாய்கிறது. இருந்தும் சைக்ளோப்ஸ் என்ற ஒற்றைக்கண் அரக்கனின் முதுகில் தொற்றிக்கொண்டு, அது தள்ளாடிப் பள்ளத்தின் குறுக்கே விழுந்து, அதன் உடல் மீதே நடந்து மறுகரைக்குப் போன அந்த ஒரு நிமிடத்தைப் போன்ற எதையும் வேறெந்த விளையாட்டும் எனக்குத் தரவில்லை. இன்னும் அரை மணி நேரம் என்று உட்கார்ந்தால் விடிந்துவிடுகிறது.

மருந்து இல்லாமல் போகாதீர்கள், விளக்குக்கு எண்ணெய் வைத்துக்கொள்ளுங்கள் போன்றவற்றை விளையாட்டே முதல் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடும். அது சொல்லாதவற்றை, அல்லது சொல்லியும் நாம் கேட்காதவற்றை, இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் சுமந்து திரிவது

இந்த விளையாட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் எடை உண்டு. எடை கூடக் கூட ஓட்டம் குறையும், களைப்பு மெல்லத்தான் நீங்கும், களைப்பு முழுதாக ஏறிவிட்டால் உங்கள் வீரர் எதிரியின் முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார். புதியவர்கள் வழியில் கிடக்கும் மூலிகை, எலும்பு, கல் அனைத்தையும் பொறுக்கித் தாமே சுமக்கிறார்கள். விடுதிகளில் உள்ள சேமிப்பறை இலவசம். ஓரிடத்தில் வைத்ததை வேறொரு ஊரின் விடுதியிலும் எடுத்துக்கொள்ளலாம். கோல்டன் ட்ரோவ் பீட்டில் என்ற பொன்வண்டு கிடைத்தால் மட்டும் விற்காதீர்கள், அதைப் பயன்படுத்தினால் சுமக்கும் திறன் 0.15 கிலோ நிரந்தரமாகக் கூடும். சிறிய எண்ணாகத்தான் தோன்றும். இருபது வண்டு சேர்ந்த பிறகு சிறியதாகத் தோன்றாது. பாத்திரத்தை உருவாக்கும்போதே உயரமும் பருமனும் கொண்ட உடலைத் தேர்ந்தால் சுமக்கும் திறன் அதிகம் என்பதையும் நான் மிகத் தாமதமாகத்தான் அறிந்தேன். ஒல்லியான திருடனைப் படைத்துவிட்டு, அவனுடைய பையைக் காலி செய்வதிலேயே முதல் ஆட்டத்தின் பாதியைக் கழித்தேன்.

கிராபிக்ஸ் அமைப்புகளைக் குறைத்துக்கொண்டே போவது

நகரத்துக்குள் நுழைந்ததும் திரை திணறுவதற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் கிராபிக்ஸ் கார்டு அன்று. தெருவில் நடமாடும் ஒவ்வொரு மனிதரையும் தனித்தனியாகக் கணக்கிடும் சுமை செயலியின் மீது விழுகிறது. நிழலையும் புல்லையும் குறைத்தால் படம் அசிங்கமாகும், திணறல் அப்படியே இருக்கும். பின்னர் வந்த புதுப்பிப்புகள் ஓரளவு உதவின. மனிதர்கள் பத்தடி தூரத்தில் திடீரென்று முளைக்கும் வழக்கத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். இதை இங்கே சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அடுத்த பகுதியில் அது விளங்கும்.

விடுதியை வெறும் சேவ் பொத்தானாக நினைப்பது

இந்த விளையாட்டில் உங்களுடன் மூவர் நடப்பார்கள். சதுரங்கச் சிப்பாயின் பெயரைத் தாங்கிய இவர்களுக்குப் பான்கள் என்று பெயர். ஒருவரை நீங்களே படைக்கிறீர்கள். மற்ற இருவர் உலகெங்கும் உள்ள பிற ஆட்டக்காரர்கள் படைத்தவர்கள், அவர்களை நீங்கள் கடன் வாங்குகிறீர்கள். பான்கள் ஓயாமல் பேசுவார்கள். ஏணி இருப்பதை ஐந்து முறை சுட்டிக்காட்டுவார்கள். சொன்ன பேச்சைக் கேட்காமல் மலை விளிம்பிலிருந்து குதிப்பார்கள். முதல் பத்து மணி நேரத்தில் இதற்குச் சிரிப்போம், அதன் பிறகு பழகிவிடும். நான் விழுந்த குழி அந்தப் பழக்கத்தில்தான் இருந்தது.

பான்களுக்கு டிராகன்ஸ்பிளேக் என்றொரு நோய் வரும். ஒரு பானிடமிருந்து மற்றொரு பானுக்குத் தொற்றும். நோய் கண்ட பானின் கண்கள் சிவந்து ஒளிரும், தலையைப் பிடித்துக்கொள்ளும், தலை வலிக்கிறது என்று முனகும், கட்டளையை மதிக்காது, பேச்சில் ஒரு திமிர் ஏறும். முதன்முறை இது தென்படும்போது விளையாட்டு ஓர் அறிவிப்பைக் காட்டுகிறது. எனக்கும் காட்டியது. கிரிஃபின் என்ற சிறகுள்ள மிருகத்துடன் சண்டை முடிந்த களைப்பில், படிக்காமலே அதை மூடினேன்.

அதன் பிறகு என்னுடைய மந்திரவாதிப் பான், வா என்றால் வராமல் நின்றது. உதவி கேட்டால் வேறு பக்கம் நடந்தது. நான் எரிச்சல்பட்டேனே தவிர, ஐயப்படவில்லை. மலையிலிருந்து குதிக்கும் பான் கட்டளையையும் கேட்காமல் இருப்பதில் என்ன வியப்பு? குறைகள் நிறைந்த விளையாட்டை நீண்ட நேரம் ஆடும்போது, வழக்கத்துக்கு மாறான எதைக் கண்டாலும் அதையும் குறைகளின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். இந்த விளையாட்டோ தன் மிகக் கொடிய எச்சரிக்கையை, அதன் மிகச் சாதாரணமான குறையைப் போலவே உடுத்தி அனுப்புகிறது.

அன்றிரவு வெர்ன்வொர்த் விடுதியில் படுத்தேன். நோய் முற்றிய பானுடன் ஊருக்குள் படுத்தால், அந்தப் பான் இரவில் டிராகனின் உருவெடுத்து அங்குள்ளவர்களைக் கொன்றுவிடும். நான் அக்காட்சியைப் பார்த்தேன், கனவு என்று எண்ணிக்கொண்டேன். காலையில் கொல்லன் கடைக்குப் போனேன், பட்டறையில் யாரும் இல்லை. சந்தையில் கடைகள் இருந்தன, விற்பவர்கள் இல்லை. திரை அன்று திணறவே இல்லை. நகரம் அத்தனை வழவழப்பாக ஓடியதை நான் அதற்கு முன் கண்டதில்லை, ஒரு கணம் புதுப்பிப்பு ஏதோ வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். பிணவறைக்குள் நுழைந்த பிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

உடனே பழைய சேமிப்புக்குத் திரும்பலாம் என்றால் அதற்கும் வழி அடைபட்டிருந்தது. இந்த விளையாட்டில் ஒரே ஒரு சேமிப்புதான். திரும்பிச் செல்ல இரண்டு தேர்வுகள் உண்டு: கடைசியாகச் சேமித்த இடம், கடைசியாக விடுதியில் தங்கிய இடம். விடுதியில் படுத்தெழுந்ததால் இரண்டுமே அந்த விடியலையே சுட்டின. முப்பத்தெட்டு மணி நேரம் ஆடிச் சேர்த்த ஊர் அது. பாதி முடித்த பணிகளைக் கொடுத்தவர்கள் அனைவரும் பிணவறையில் கிடந்தார்கள்.

வேக்ஸ்டோன் என்ற உயிர்க்கல் ஒருவரை எழுப்பும். மூன்று துண்டுகள் சேர்ந்தால் ஒரு கல். என்னிடம் இருந்தவை நான்கு கற்கள். அந்த நால்வர் யார் என்று பிணவறையில் நின்று தேர்ந்தெடுத்த பத்து நிமிடங்களை நான் இன்னும் மறக்கவில்லை. சுற்றியுள்ள அனைவரையும் ஒருசேர எழுப்பும் நித்தியக் கல் ஒன்றும் உண்டு. அது கையில் இருப்பவருக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

ஆகவே விடுதிக்காரரிடம் பேசுவதற்கு முன்பு மூன்று பான்களின் முகங்களையும் அருகில் சென்று பாருங்கள். இரவானால் விளக்கை ஏற்றிப் பாருங்கள். கடன் வாங்கிய பானிடம் அறிகுறி இருந்தால் உடனே அனுப்பிவிடுங்கள். ஆனால் அத்துடன் நிறுத்தாதீர்கள், ஏனென்றால் அது போகும் முன்பே உங்கள் சொந்தப் பானுக்குத் தொற்றியிருக்கலாம். சொந்தப் பானுக்கு வந்திருந்தால் அதைத் தூக்கி ஆழமான நீரில் எறிய வேண்டும். நீரில் வாழும் பிரைன் அதை விழுங்கும். பிறகு பான்களை வரவழைக்கும் ரிஃப்ட்ஸ்டோன் என்ற கல்லில் மீண்டும் அழைத்தால் நோய் நீங்கி வரும். நாமே படைத்து, நாமே பெயரிட்ட ஒன்றை ஆற்றில் எறிவது மனத்துக்கு ஒப்பாதுதான். அதை எறியத் தயங்கித்தான் பலர் நகரத்தையே இழக்கிறார்கள். நோய் பரவும் வேகத்தைக் குறைத்து அறிகுறிகளைத் தெளிவாக்கும் புதுப்பிப்பு பின்னர் வந்துவிட்டது உண்மைதான், ஆனால் நோயை யாரும் நீக்கவில்லை. என் அக்கா மகனே அதற்குச் சாட்சி. டிராகன் ஊரை அழித்த காட்சி ஓடியபோது அவன் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தான்.

இதில் எனக்கு இன்னும் தீராத எரிச்சல் ஒன்று உண்டு. இந்த ஏற்பாடு மோசமானது என்று என்னால் முழு மனத்துடன் சொல்ல முடியவில்லை. விடுதியில் படுப்பதற்கு அஞ்சும் அளவுக்கு ஒரு விளையாட்டு என்னை அதற்கு முன் ஆட்டிவைத்ததில்லை.

உண்மையான காசு கொடுத்துப் பொருள் வாங்குவது

வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை விளையாட்டுக்குள்ளேயே கிடைக்கின்றன.

பணிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

மற்ற விளையாட்டுகளில் ஆபத்தில் இருப்பவர் நாம் வரும்வரை ஆபத்திலேயே காத்திருப்பார். இங்கே நாள்கள் ஓடும். ஓநாய்கள் இழுத்துச் சென்ற சிறுவனைத் தேடும் பணி ஒன்று ஆரம்பத்திலேயே வருகிறது. நான் அதை ஏற்றுக்கொண்டு, வழியில் தென்பட்ட குகை ஒன்றில் நுழைந்து, அங்கிருந்து இன்னொன்றுக்குப் போய், ஆறு நாள் கழித்துத்தான் ஓநாய்களின் இருப்பிடத்தை அடைந்தேன். நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. யாருடைய உயிரோ சம்பந்தப்பட்ட பணி என்றால் அன்றே கிளம்புங்கள், குகைகள் எங்கும் ஓடிவிடாது.

கடன் வாங்கிய பான்களை மறந்துவிடுவது

உங்கள் சொந்தப் பான் உங்களுடன் சேர்ந்து வளரும். கடன் வாங்கியவை நீங்கள் எடுத்த நாளின் நிலையிலேயே நின்றுவிடும். பத்தாம் நிலையில் எடுத்த வில்லாளியை இருபதாம் நிலைவரை பாசத்தால் வைத்துக்கொண்டு, சண்டை ஏன் கடினமாகிறது என்று வியப்பவர்கள் உண்டு. உங்கள் நிலைக்குச் சமமான பான்களை எடுக்க எந்தச் செலவும் இல்லை.

முதல் சீக்கர்ஸ் டோக்கன்

உலகெங்கும் ஒளிந்துகிடக்கும் இந்த நாணயங்களில் முதலாவது கிடைத்த இடத்தைக் குறித்துவையுங்கள். மொத்தம் 240 இருக்கின்றன, புதிர் போடும் ஸ்ஃபிங்ஸ் ஒரு நாள் முதலாவதைப் பற்றித்தான் கேட்கும்.

வேகப்பயணம் இல்லையே என்று நொந்துகொள்வது

ஃபெர்ரிஸ்டோன் என்ற கல்லை உடைத்தால் போர்ட்கிரிஸ்டல் என்ற படிகம் இருக்கும் இடத்துக்கு நொடியில் போகலாம். கல் விலை அதிகம் என்பதால் புதியவர்கள் அதைப் பதுக்கிக்கொண்டே போகிறார்கள், அல்லது இருக்கும் பணம் முழுவதையும் அதிலேயே கொட்டுகிறார்கள். இரண்டும் தவறு என்றுதான் எழுத நினைத்தேன். ஆனால் முதல் ஆட்டத்தில் நானும் பதினொரு கற்களைப் பதுக்கி வைத்திருந்து, கடைசிவரை இரண்டை மட்டுமே உடைத்தேன். அப்படி நடந்து திரிந்ததால் கண்டவற்றைத்தான் இன்று நினைவில் வைத்திருக்கிறேன். நெடுந்தொலைவு போகும்போது, பாரம் தாங்க முடியாத நிலையில், ஒரு கல்லை உடையுங்கள். மற்ற நேரங்களில் மாட்டுவண்டி இருக்கிறது.

மாட்டுவண்டியில் ஏறித் தூங்கினால் ஊர் வந்துவிடும் என்று நம்பாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். போன வாரம் மெல்வ் ஊரிலிருந்து வெர்ன்வொர்த்துக்கு வண்டியில் கண்ணயர்ந்தேன். விழித்தபோது மேலே ஒரு கிரிஃபின் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. இறங்கிய வேகத்தில் வண்டியைச் சுக்குநூறாக்கியது. அதன் சிறகைப் பற்றித் தொங்கினேன், அது என்னையும் சேர்த்தே மேலெழும்பிப் பறந்தது, எங்கோ ஒரு காட்டில் விழுந்தேன். இரவு முழுவதும் விளக்கொளியில் எலும்புக்கூடுகளை வெட்டிக்கொண்டே நடந்து, பான்கள் ஒவ்வொன்றாக வந்து சேர, விடியற்காலையில் நகர வாயிலை அடைந்தேன். உயிர்க்கோடு பாதிக்கு மேல் சுருங்கிவிட்டிருந்தது. அந்த இழப்பைச் சாதாரண மருந்துகள் ஆற்றா, படுத்துத் தூங்கினால் திரும்பும். விடுதிக்காரர் கட்டணத்தைச் சொன்னார். நான் திரும்பிப் போய் மந்திரவாதிப் பானின் முன்னால் நின்று, விளக்கை ஏற்றி, கேமராவை அதன் முகத்துக்கு நேரே கொண்டுவந்தேன். கண்கள் பழுப்பு நிறம். மற்ற இருவரையும் அப்படியே பார்த்தேன். பிறகு மந்திரவாதியை இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுத்தேன்.