சபைக்கு இடம் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

போன மாதம் ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார். இருபது குடும்பங்கள் சேர்ந்து சுயாதீனச் சபை தொடங்கியிருக்கிறார்கள். மேலே திருமண்டலம் (ஒரு பேராயரின் கீழ் வரும் சபைகளின் தொகுதி) இல்லை, பேராயர் இல்லை. "இடம் பார்த்துட்டோம் அண்ணே, பத்திரத்தை பாஸ்டர் பேர்லயே போட்டுடலாம்னு இருக்கோம்" என்றார். எனக்கு வயிறு கலங்கியது. பொருளாளராக இருந்தபோது நான் செய்த அதே வேலை.

ரசீது கொடு, கணக்கு எழுது என்பதெல்லாம் அவருக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

பத்திரம் யார் பெயரில்?

எங்கள் இடம் எட்டு சென்ட். சோறு பொங்கும்போதெல்லாம் பெண்கள் எடுத்து வைத்த கைப்பிடி அரிசியை விற்ற காசும் அதில் இருக்கிறது. சபையைப் பதிவு செய்திருக்கவில்லை. எங்கள் போதகரை ஐயா என்போம். "ஐயா பேர்ல போடுங்க, நம்ம ஐயாதானே" என்று முதலில் சொன்னவன் நான்தான். பட்டாவும் அவர் பெயருக்கே மாறியது.

ஐயா நல்லவர். காணிக்கையில் ஒரு ரூபாய் தொட்டதில்லை. ஆனால் உயில் எழுதாமல் மாரடைப்பில் போய்விட்டார். 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, அப்படி இறக்கும் கிறிஸ்தவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்கு. நாங்கள் ஆராதித்த ஆலயத்துக்கும் அதே கணக்குதான். சில வாரங்களில் மூத்த மகன் வில்லங்கச் சான்றோடு வந்து நின்றார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? காகிதம் அவர் பக்கம்.

வக்கீலிடம் போய், "பணம் எங்களுது, பேர் மட்டும்தான் அவரோடது" என்றேன். அவர் பேனாவை மூடினார். "இதை இப்படியே வெளியே சொல்லாதீங்க. 1988 பினாமிச் சட்டம் குறுக்கே வரும்." சபைக்காகத்தான் ஐயா வைத்திருந்தார் என்று வாதாடலாம், அதற்குச் சபைக் கூட்டத்தின் முடிவுகளை எழுதும் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரியாவது வேண்டும். எங்களிடம் புத்தகமே இல்லை. கடைசியில் அதே எட்டு சென்டை இரண்டாம் முறை விலை கொடுத்து வாங்கினோம். முத்திரைத்தாள் செலவும் இரண்டாம் முறை. இன்றைக்கும் நினைத்தால் எரிகிறது.

முதலில் 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கமாகப் பதியுங்கள். ஏழு பேர் போதும். இல்லையென்றால் அறக்கட்டளை. அப்புறம் நிலம். அதுவரை வாடகைக் கொட்டகையில் ஆராதனை நடந்தால் கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பக்கத்துச் சபை பைலா

பைலா என்றால் சபையை நடத்தும் விதிகள். பக்கத்துச் சபையுடையதை பெயரை மட்டும் மாற்றி நகல் எடுத்தோம். அடுத்த போதகரை யார் அழைப்பது, யாருக்கு ஓட்டு என்ற வரியே அதில் இல்லை. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துச் சபைகள் 1648லேயே இதை எழுதி வைத்துவிட்டன. ஐயா போன பிறகு எங்களுக்கு இரண்டு போதகர்கள், இரண்டு ஞாயிறு ஆராதனைகள்.

திருமண்டலத்தை விட்டு வந்தால் ஆலயமும் கூடவே வருமா?

வராது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலய நிலங்கள் பெரும்பாலும், அதன் சொத்துகளை வைத்திருக்க 1947இல் பதிவான டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும்.

வெளிநாட்டு நன்கொடை பாஸ்டர் கணக்கில்

வேண்டவே வேண்டாம்.

தீர்மானப் புத்தகம்

கடையில் சாதாரண லாங் சைஸ் நோட்டு போதும். அந்தத் தம்பிக்கு ஒன்று வாங்கிக் கொடுத்துத்தான் பஸ் ஏற்றினேன்.