வலை, கிணறு, எலி மருந்து, கண்ணாடி: வீட்டைச் சுற்றி வரும் உயிர்கள் நம்மால் அடிபடாமல் இருக்க

வெயில் காலம் வந்தால் மொட்டை மாடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்துப் படம் எடுத்துப் போடுகிறோம். நல்லதுதான், வைக்கட்டும். ஆனால் அதே வீட்டின் பின்பக்கம், கீரைப் பாத்தியைச் சுற்றிக் கட்டின நைலான் வலையில் ஒரு சாரைப்பாம்பு சிக்கி வெயிலில் காய்ந்து கிடக்கும். அதை யாரும் படம் எடுப்பதில்லை. வீட்டுப் பக்கம் வரும் பறவையும் விலங்கும் அடிபடுவது பெரும்பாலும் யாரோ வேண்டுமென்று செய்ததால் அல்ல. மூடாமல் விட்ட கிணறு, சுருட்டி வைக்காத வலை, மூலையில் போட்டு மறந்த எலிக் கேக்கு, இந்த மாதிரிச் சமாச்சாரங்கள்தான் காரணம். அவற்றைச் சரிசெய்ய டார்ச், கத்தரிக்கோல், தேங்காய் நார்க் கயிறு, பழைய சாக்கு, கொஞ்சம் வெள்ளை பெயின்ட், அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தால் போதும்.

முதலில் ஒரு சுற்று

விளக்கு வைக்கிற நேரத்தில் டார்ச்சோடு வீட்டைச் சுற்றி மெதுவாக ஒருமுறை நடங்கள். பகலில் நடந்தால் பாதிதான் தெரியும். மரநாய், ஆந்தை, முள்ளெலி எல்லாம் நடமாடுவது நீங்கள் கதவைச் சாத்திய பிறகு. நடக்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டியவை நாலு: விழுந்தால் ஏறி வர முடியாத இடம் எது? சிக்கிக்கொள்ளும் பொருள் எது? தின்றால் சாகடிப்பது எது? பளபளத்து ஏமாற்றுவது எது? பார்த்ததை ஒரு தாளில் எழுதுங்கள்.

ஊருக்கு ஊர் பட்டியல் மாறும். நம் திருநெல்வேலிச் சீமையில் பாபநாசம், களக்காடு பக்கம் மலையடிவாரத்தில் மிளா என்கிற பெரிய மானும் காட்டுப்பன்றியும் வரும். ஆற்றங்கரை, குளத்தங்கரை ஊர்களில் நாரை, கொக்கு, நீர்க்காகம். திசையன்விளை, ராதாபுரம் பக்கம் பனங்காட்டில் மயில், உடும்பு, முள்ளெலி. உங்கள் ஊரில் என்னென்ன வரும் என்று வீட்டில் ஆச்சி இருந்தால் கேளுங்கள், வரிசையாகச் சொல்லிவிடுவார்கள்.

வலை

பட்டியலில் முதலில் சரிசெய்ய வேண்டியது இது என்பேன். கோழிக்கூடு, காய்கறிப் பாத்தி, மீன் தொட்டி, கொய்யா மரம் என்று எல்லாவற்றுக்கும் இப்போது மெல்லிய நைலான் வலைதான். பாம்பு தலையை நுழைத்தால் உடம்பு பாதியில் சிக்கும். செதில் பின்பக்கம் பார்த்து இருப்பதால் பின்னால் இழுத்து வெளியே வர முடியாது. முண்ட முண்ட இழை தோலை அறுக்கும். பழ மரத்தில் தொளதொளவென்று போர்த்திய வலையில் வௌவால் சிறகு சிக்கிக் கிழியும்.

செய்ய வேண்டியது:

தரையில் வலை கிடக்கவே கூடாது. பாத்திக்கு வலை வேண்டுமென்றால், தரையிலிருந்து ஒரு முழம் வரை கெட்டியான கம்பி வலை அடியுங்கள். கண் சின்னதாக, சுண்டு விரல் நுழையாத அளவில் இருக்கட்டும். நைலான் வேண்டுமானால் அதற்கு மேலே வரலாம். பழ மரத்தில் மரம் முழுக்கப் போர்த்துவதற்குப் பதில் குலைக்குக் குலை துணிப்பை கட்டுங்கள். மரத்தைத்தான் மூட வேண்டுமென்றால் குச்சி நட்டு வலையை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். விறைப்பான வலையில் மோதினாலும் சிக்காது. பிய்ந்த வலையையும் தூண்டில் நரம்பையும் குளத்தங்கரையில் எறியாதீர்கள். நாரையின் காலில் சுற்றினால் அதற்கு அவிழ்க்கத் தெரியாது. துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போடுங்கள்.

வலையில் பாம்பு சிக்கியிருப்பதைப் பார்த்தால் புதியவர்கள் தொடவே வேண்டாம். அது சாரைதான் என்று நிச்சயமாகத் தெரிந்தாலும் வேண்டாம். 101-க்குச் சொன்னால் தீயணைப்புத் துறையினர் வருவார்கள், அல்லது வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை தூரத்திலிருந்து ஒரு குடையையோ ஓலையையோ சாய்த்து நிழல் கொடுங்கள். வலையில் மாட்டின பாம்பைச் சீக்கிரம் கொல்வது வெயில்தான்.

கிணறும் தொட்டியும்

நம் பக்கம் மாடு கட்டித் தண்ணீர் இறைத்த பழைய கமலைக் கிணறுகள் நிறைய. தோட்டத்துக்கு நடுவில் சுவரே இல்லாமல், சுற்றிப் புல் மண்டி, வாய் திறந்து கிடக்கும். இரவில் ஓடிவரும் மானுக்கோ காட்டுப்பன்றிக்கோ அது தெரியாது.

இடுப்பு உயரத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டுவதுதான் நிரந்தர வழி. காசு இப்போது இல்லை என்றால் உடைமுள்ளை வட்டமாக அடைத்து வையுங்கள், அது ஒரு வருஷம் தாங்கும். சுவர் மான், பன்றியைத் தடுக்கும். உடும்பு, மரநாய், பாம்பு, அணிலை அது தடுக்காது. அவற்றுக்கு வெளியே ஏற வழி வேண்டும். கனமான நார் வடத்தில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, ஒரு நுனியை மேலே கட்டி, மறுநுனியைத் தண்ணீரில் விடுங்கள். அந்த நுனியில் ஒரு மரப்பலகையைக் கட்டுங்கள். தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் பலகை மிதந்துகொண்டே இருக்கும், விழுந்த உயிர் முதலில் அதில் ஏறி மூச்சு வாங்கும். நைலான் கயிறு வழுக்கும், உதவாது.

வீட்டுத் தொட்டிகளுக்கும் இதே கணக்குதான். மாட்டுத் தொட்டிக்குள் ஒரு சாய்வான கல், தண்ணீர் பிடித்து வைக்கிற டிரம்முக்கு மூடி, மாடி டேங்குக்கு மூடி. கழிவுநீர்த் தொட்டியின் காற்றுக் குழாய் உச்சியில் கொசுவலையைக் கம்பியால் சுற்றிக் கட்டுங்கள், கொசுவும் போகாது, அணிலும் விழாது. வீடு கட்டும்போது தோண்டின அஸ்திவாரக் குழியில் ராத்திரி ஒரு பலகையைச் சாய்த்து வைத்துவிட்டுப் போகச் சொல்லிக் கொத்தனாரிடம் சொல்லிவையுங்கள்.

பறவைக்குத் தண்ணீர் வைக்கிற கிண்ணம் உள்ளங்கை ஆழத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு கல் போடுங்கள், தினமும் கழுவுங்கள். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

எலி மருந்து

கடையில் பச்சை, நீலம், சிவப்பு என்று கட்டியாக விற்கும் எலிக் கேக்கில் பெரும்பாலும் ப்ரோமடியோலோன் என்ற மருந்து இருக்கும். இது ரத்தத்தை உறையவிடாது. தின்ற எலி உடனே சாகாமல் நாலைந்து நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். தள்ளாடுகிற எலிதான் கூகைக்கும் கீரிக்கும் பாம்புக்கும் லேசாக மாட்டும். மருந்து எலியோடு நிற்காமல் எலியைத் தின்றதன் உடம்பிலும் ஏறும். எலியைப் பிடிக்க ஊரில் இருந்த ஆளைக் கொன்றுவிட்டு, அடுத்த போகத்தில் எலி கூடிவிட்டது என்று இன்னொரு கேக்கு வாங்குகிறோம். எனக்கு இதில்தான் கோபம் வரும்.

பிசானப் பருவத்து நெல் அறுப்பு முடிந்ததும் வயல் எலி வீட்டுப் பக்கம் வரும். அதற்கு முன்பே நெல்லையும் தவிட்டையும் மூடியுள்ள தகர டின்னுக்கு மாற்றுங்கள். கதவடி இடைவெளியை அடையுங்கள். வீட்டுக்குள் கூண்டுப்பொறியோ அடிக்கும் பொறியோ வையுங்கள். அடிக்கும் பொறியை வெளியே திறந்தபடி வைத்தால் அணிலும் தவிட்டுக்குருவியும் அடிபடும். வயலோரத்தில் ‘டி’ வடிவத்தில் பறவை தாங்கி நட்டால் ராத்திரி ஆந்தை உட்கார்ந்து வேலையைப் பார்க்கும். கூகை கத்தினால் சாவு வரும் என்று பயப்படுகிறவர் வீட்டில் இருந்தால், பேசிப் புரியவைக்க நாளாகும். தாங்கியை வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி நட்டுவிடுங்கள்.

எலி ஒட்டும் பசை அட்டையை வாங்கவே வேண்டாம். பல்லி, ஓணான், குருவி என்று பார்க்காமல் எல்லாம் ஒட்டும். ஏதாவது ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். மீதிப் பசை மேல் மாவு தூவியோ தாளை ஒட்டியோ மூடி, அட்டையோடு ஒரு பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

மயில் விதைக்கு வருகிறது என்று தானியத்தில் விஷம் கலப்பது, பன்றிக்கென்று வேலியில் நேரடியாகக் கரண்ட் கொடுப்பது, இரண்டும் குற்றம். வேலிக் கரண்டில் மனிதர்களும் செத்திருக்கிறார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் செய்கிறார் என்றாலும் சும்மா இருக்க வேண்டாம்.

கண்ணாடி

புது வீடுகளின் முகப்பில் இப்போது பெரிய பெரிய கண்ணாடி. அதில் வேப்ப மரமும் வானமும் தெரிவதால் பறவை நேராகப் பறந்துவந்து மோதும். மழைக்காலம் தொடங்கும்போது வடக்கிலிருந்து வந்து சேரும் ஆறுமணிக்குருவி களைத்துப்போய் இப்படி மோதி விழுவது வழக்கம். பருந்துப் படம் ஒன்றை ஒட்டினால் தீர்ந்தது என்பார்கள், தீராது. படம் இல்லாத இடத்தில் போய் மோதும்.

தீர்வு நம் வாசலிலேயே இருக்கிறது. கண்ணாடி முழுக்கப் புள்ளி வையுங்கள், கோலத்துக்கு வைப்பது போல. புள்ளிக்குப் புள்ளி இரண்டு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது, இருந்தால் பறவை அதற்குள் நுழையப் பார்க்கும். கண்ணாடியின் வெளிப்பக்கம் வைக்க வேண்டும், உள்ளே வைத்தால் பிரதிபலிப்பில் மறைந்துவிடும். அரிசி மாவு முதல் மழைக்கே போய்விடும், அதனால் பெயின்ட்தான் சரி. பைக், கார் கண்ணாடியைக் கொத்திக்கொண்டே இருக்கும் குருவி தன் உருவத்தை எதிரி என்று நினைக்கிறது. வண்டியை நிறுத்தினதும் ஒரு துணி உறையை மாட்டுங்கள், முடிந்தது.

பனையும் தீயும்

காவோலை கழிப்பதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். தொங்கும் காய்ந்த ஓலையின் அடிப்பக்கத்தில் பனை உழவாரன் என்கிற சின்னப் பறவை தன் எச்சிலால் கூட்டை ஒட்டி, முட்டையையும் ஒட்டி வைத்திருக்கும். உழவாரன் உள்ளே போய் வந்துகொண்டிருந்தால் அந்த மரத்தை விட்டுவிட்டு வேறு மரம் ஏறச் சொல்லுங்கள். குஞ்சு பறந்ததும் கழித்துக்கொள்ளலாம்.

முள், சருகு, காவோலை இதையெல்லாம் குவித்து வைத்து நாலு நாள் கழித்துத் தீ வைப்பதுதான் பெரிய ஆபத்து. அந்தக் குவியலில் முள்ளெலி படுத்திருக்கும். தென்னிந்தியா தவிர வேறெங்கும் இல்லாத ஒரு முள்ளெலி நம் வறண்ட காடுகளில் இருக்கிறது. இருமலுக்கு அதன் முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுக்கும் பழக்கத்தால் பிடிபடுவது ஒரு பக்கம். ஆபத்து வந்தால் ஓடாமல் பந்தாகச் சுருண்டுகொள்ளும் அதன் குணம் இன்னொரு பக்கம். நாயிடம் அது எடுபடும், தீயிடமும் டயரிடமும் எடுபடாது. குவியலை எரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் அன்றைக்கே பக்கத்துக்கு மாற்றிக் குவித்து, ஒரே பக்கத்தில் மட்டும் தீ வையுங்கள். உள்ளே இருப்பது மறுபக்கம் ஓடட்டும். எரிக்காமல் மட்க விடுவது இன்னும் நல்லது.

மரக்கிளை கழிப்பதற்கும் இதே கணக்கு. திருப்புடைமருதூரில் கோயிலைச் சுற்றியும் ஆற்றங்கரையிலும் நிற்கும் மரங்களில் பறவைகள் கூடு கட்டுவதை ஊரே காத்து வந்தது. அந்த இடம் 2005-ல் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கூந்தன்குளத்தில் வீட்டு முற்றத்து மரத்திலேயே நாரை கூடு கட்டும் என்பதால் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. உங்கள் தெருவில் அவ்வளவு நடக்காது. கூடு இருக்கிற மரத்தடியில் மட்டும் வெடிக்காதே என்று பிள்ளைகளிடம் சொன்னால் கேட்பார்கள்.

நாய், பூனை, சாலை

வளர்ப்பு நாயை ராத்திரி கட்டிப் போடுங்கள், பூனையை உள்ளே வையுங்கள். கங்கைகொண்டானில் 2013-ல் அறிவித்த புள்ளிமான் சரணாலயத்தை ஒட்டி நான்குவழிச் சாலை போகிறது. நாய் துரத்தி ஓடிவரும் மான் சாலையில் அடிபடுவது அங்கே பழைய கதை. அந்தப் பக்கம் விடியலிலும் அந்தியிலும் வேகத்தைக் குறையுங்கள். ஒரு மான் கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று காத்திருங்கள். பாபநாசம் போகிற வழியில் குரங்குக்குப் பிஸ்கட் வீசாதீர்கள், தின்னப் பழகினது தார்ச் சாலையை விட்டு நகராது.

இத்தனைக்கும் மேல் ஏதாவது அடிபட்டுக் கிடந்தால்

குஞ்சு என்றால் முதலில் பாருங்கள், இறகு முளைத்திருக்கிறதா? முளைத்திருந்தால் அது பறக்கப் பழகுகிறது. பக்கத்துப் புதரில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள், தாய் வந்து ஊட்டும். மனிதக் கை பட்டால் சேர்க்காது என்பது உண்மை அல்ல. இறகு முளைக்காததை அதன் கூட்டிலேயே வையுங்கள். கூடு எட்டாவிட்டால் ஒரு ஓலைப்பெட்டியைக் கிளையில் கட்டி அதில் விடுங்கள்.

அடிபட்ட பறவை மேல் துண்டைப் போட்டு மூடி எடுத்து, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியிலோ பனையோலைக் கடவத்திலோ வைத்து மூடுங்கள். இருட்டும் அமைதியும்தான் முதல் மருந்து. கண்ணாடியில் மோதி மயங்கினது பல நேரம் ஒரு மணி நேரத்தில் தானே தெளிந்து பறந்துவிடும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போகும். பால் கொடுக்காதீர்கள். நாரையின் அலகு கண்ணுக்கு நேராக வரும், முகத்தைத் தள்ளி வையுங்கள். வௌவால், குரங்கு, கீரியை வெறுங்கையால் தொட வேண்டாம். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்புக் கடி என்றால் 108.

வனத்துறைக்குப் போன் செய்யும்போது எந்த இடம், என்ன உயிர், எப்படி அடிபட்டது, எப்போது பார்த்தீர்கள் என்று நாலும் சொல்லுங்கள், அவர்கள் அலைய வேண்டியிருக்காது. உங்கள் பகுதி வனச்சரக அலுவலக எண்ணை இன்றைக்கே விசாரித்து எழுதி வையுங்கள். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே கொண்டு போவதென்றாலும் வனத்துறையிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தேறின பிறகு கிளியானாலும் மைனாவானாலும் உடும்பானாலும் வீட்டில் வைத்துக்கொள்ள 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விடாது. பிள்ளைகள் அதற்குப் பேர் வைப்பதற்கு முன்பே ஒப்படைத்துவிடுங்கள். பேர் வைத்துவிட்டால் வீட்டில் பெரிய அழுகை நடக்கும்.