பத்து மணி நேர லே-ஓவரில் இஸ்தான்புல்: முதல்முறை போகிறவர்களுக்கான செய்முறை

ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ மலிவான எகானமி டிக்கெட் தேடினால், இஸ்தான்புல்லில் எட்டு, பத்து மணி நேரம் உட்கார வைக்கும் டிக்கெட்டுகள் கண்ணில் படும். பலரும் அலுத்துக்கொண்டு அடுத்ததைப் பார்ப்பார்கள். அந்தக் காத்திருப்பு பகலில் வருகிறதென்றால், நான் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். ஒரே நிபந்தனை, ஊர் முழுவதையும் பார்க்கும் ஆசையை விட்டுவிட வேண்டும். சுல்தானகமத் என்ற ஒரு வட்டாரம் போதும்.

படி 1: விசா

விமான நிலையத்துக்குள்ளேயே விமானம் மாறினால் விசா வேண்டாம். வெளியே வர வேண்டுமென்றால் கட்டாயம் வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்காரர்களிடம் செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டன், அயர்லாந்து அல்லது ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான) விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருந்தால் துருக்கியின் இ-விசாவை வீட்டிலிருந்தே எடுத்துவிடலாம். துருக்கி அரசின் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். கூகுளில் தேடினால் கூடுதல் கட்டணம் பிடுங்கும் தரகர் தளங்களும் வரும்.

படி 2: டிக்கெட்

இரண்டு விமானங்களும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இருக்கட்டும். அப்போதுதான் பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போகும். செக்-இன் கவுண்டரில் பெட்டியில் கட்டும் சீட்டில் எந்த ஊரின் குறியீடு இருக்கிறது என்று பாருங்கள், இரண்டாவது போர்டிங் பாஸையும் அங்கேயே கேட்டு வாங்குங்கள். இடம் கிடைத்தால் முன்வரிசைப் பக்கம், நடைபாதை ஓரம். இமிக்ரேஷன் வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கும் கூட்டம் பாதியாகும். தோளில் ஒரு சின்னப் பை, அதில் ஒரு துப்பட்டா, ஒரு ஜோடி சாக்ஸ். பள்ளிவாசலில் இரண்டும் தேவைப்படும்.

படி 3: கழித்தல் கணக்கு

இதுதான் முக்கியம். பத்து மணி நேரம் என்று டிக்கெட்டில் இருந்தால், இறங்கி இமிக்ரேஷன் தாண்ட ஒன்றரை மணி நேரத்தைக் கழியுங்கள். ஊருக்குள் போக ஒன்றரை, திரும்ப ஒன்றரை. விமானம் கிளம்புவதற்கு இரண்டரை மணி நேரம் முன்பே நிலையத்தில் இருக்க வேண்டும். மிச்சம் மூன்று மணி நேரம். எட்டு மணி நேர டிக்கெட்டில் ஒரு மணி நேரம்தான் மிஞ்சும், அதற்காக ஓட வேண்டாம்.

டர்க்கிஷ் ஏர்லைன்ஸ் பயணிகளுக்கு, சர்வதேச விமானங்களுக்கு இடையே 6 முதல் 24 மணி நேர இடைவெளி இருந்தால், இலவச நகரச் சுற்றுலா உண்டு. பேருந்தும் வழிகாட்டியும் அவர்களுடையது. விசா உங்கள் பொறுப்பு. தனியாகப் போகப் பயந்தால் அதில் சேருங்கள். என்ன, ஒரு தூண் முன்னால் கூடுதலாகப் பத்து நிமிடம் நிற்க விடமாட்டார்கள்.

படி 4: ஊருக்குள்

2018-இல் திறந்த புதிய விமான நிலையம் ஊரிலிருந்து வெகுதூரம். சாலை நெரிசலை நம்பி டாக்ஸி எடுக்காதீர்கள், மெட்ரோ நல்லது. இயந்திரத்தில் மெட்ரோவுக்கும் டிராமுக்குமான இஸ்தான்புல்கார்ட் என்ற பயண அட்டையை வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். எம்11 வண்டியில் கைரெத்தெப்பே வரை. அங்கே எம்2-வுக்கு மாறி வெஸ்னெஜிலர். இறங்கிக் கொஞ்சம் நடந்தால் லாலெலி நிறுத்தம், அங்கிருந்து டி1 டிராம் சுல்தானகமத் கொண்டுபோய் விடும்.

படி 5: மூன்று மணி நேரம்

முதலில் ஹிப்போட்ரோம். ரோமானியர்கள் தேர்ப்பந்தயம் நடத்திய களம் இப்போது ஒரு நீண்ட பூங்கா, கட்டணம் கிடையாது. நடுவில் நிற்கும் கல்தூண் எகிப்திய மன்னர் மூன்றாம் துத்மோஸ் செதுக்க வைத்தது. வயது 3,400 ஆண்டுகளுக்கு மேல். ரோமானியப் பேரரசர் தியோடோசியஸ் கி.பி. 390-இல் இங்கே நிறுத்தினார். தூணை எல்லோரும் படமெடுப்பார்கள், நீங்கள் குனிந்து அடிப்பீடத்தைப் பாருங்கள்: பேரரசர் குடும்பத்தோடு உட்கார்ந்து போட்டி பார்க்கும் காட்சி செதுக்கியிருக்கும். பக்கத்தில் ஒரு பள்ளத்துக்குள் முறுக்கிய வெண்கலத் தூண். கி.மு. 479-இல் பிளாட்டியா போரில் பாரசீகரை வென்ற கிரேக்கர்கள் டெல்ஃபி கோயிலுக்குக் காணிக்கையாக வைத்தது. அந்தப் பள்ளத்தின் ஆழம்தான் பழைய தரைமட்டம். மீதியெல்லாம் பின்னால் ஏறிய மண்.

எதிரே நீலப் பள்ளிவாசல், ஆறு மினார்கள். அனுமதி இலவசம், தொழுகை நேரத்தில் பார்வையாளர்களுக்கு அடைப்பு. வெள்ளிக்கிழமை நண்பகலில் போய் நிற்காதீர்கள்.

அடுத்து ஆயா சோபியா. பேரரசர் ஜஸ்டினியன் 532-இல் தொடங்கி ஐந்தே ஆண்டுகளில் முடித்த தேவாலயம். 1453-இல் பள்ளிவாசல், 1930-களில் அருங்காட்சியகம், 2020 முதல் மறுபடி பள்ளிவாசல். வெளிநாட்டவர்கள் கட்டணம் கட்டி மேல்மாடத்துக்குத்தான் போக முடியும். 25 யூரோ, நமக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் 31 மீட்டர் அகலக் குவிமாடத்தை அந்த உயரத்திலிருந்து பார்ப்பதும், மேலேயே இருக்கும் கிறிஸ்துவின் மொசைக்கும் அந்தக் காசுக்குத் தகும். தெற்கு மாடத்தின் பளிங்குக் கைப்பிடிச் சுவரில் கீறல் எழுத்துகளைத் தேடுங்கள். வடக்கிலிருந்து வந்த ஒரு வைக்கிங் தன் பெயரை ரூன் என்ற தன் ஊர்ப் பழைய எழுத்தில் கிறுக்கியிருக்கிறான். ‘ஹால்ஃப்டான்’ என்பது மட்டும் படிக்கக் கிடைக்கிறது. சுவரில் பேர் எழுதும் வியாதி அன்றே இருந்திருக்கிறது!

நேரம் மிஞ்சினால் எதிர்ப்புறம் நிலத்தடி நீர்த்தொட்டி: 336 தூண்கள், இரண்டின் அடியில் கிரேக்கப் புராணத்தின் பாம்புக் கூந்தல்காரி மெதூசாவின் தலை, ஒன்று கவிழ்ந்து, ஒன்று சாய்ந்து. வரிசை நீளமென்றால் விட்டுவிடுங்கள். தோப்காப்பி அரண்மனைக்கு அரை நாள் வேண்டும், இந்தப் பயணத்தில் அது வேண்டாம். பசித்தால் தள்ளுவண்டியில் சிமிட்: எள் ஒட்டிய வளைய ரொட்டி, சைவக்காரர்கள் யோசிக்காமல் வாங்கலாம்.

படி 6: திரும்புவது

கைபேசியில் கிளம்பும் நேரத்துக்கு அலாரம் வைத்து, அடித்ததும் நடையைக் கட்டுங்கள். இங்கே நிலையத்தின் வாசலிலேயே ஒரு பாதுகாப்புச் சோதனை உண்டு, பிறகு இமிக்ரேஷன், மறுபடி சோதனை. கடையில் தண்ணீர் வாங்கியிருந்தால் குடித்துவிட்டு நுழையுங்கள். எல்லாம் முடிந்த பிறகும் தூரத்துக் கேட்டாக விழுந்தால் கால் மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டிவரும். அதனால் காபிக் கடையைத் தேடும் முன் உங்கள் கேட்டைப் பார்த்துவிடுங்கள்.