படிப்புக் கடன்: முதல் தவணைக்கு முன் பார்க்க வேண்டியவை

படிப்பு முடிந்ததும் கடன் தந்த கிளைக்குப் போய் இரண்டு தாள் கேளுங்கள்: ஒப்பந்தத்தின் பிரதி, இன்றைய நிலுவையைக் காட்டும் கூற்று. எடுத்தது பத்து இலட்சம் என்றால் கட்ட வேண்டியதும் பத்து இலட்சம் என்று நினைப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். படிக்கும் காலத்தில் கட்டாமல் விட்ட வட்டி முதலோடு சேர்ந்திருக்கும். வருட வட்டி 14 வீதம், அது மாதாமாதம் முதலோடு கூட்டப்படுகிறது என்றால் 10 இலட்சம் மூன்று வருடத்தில் 15 இலட்சத்து 18 ஆயிரம். அந்த வட்டியை அப்போதே கட்டியிருந்தால் ஐந்து வருடத்துக்கான மாதத் தவணை 23,268 ரூபாவில் நின்றிருக்கும். இப்போது 35,300ஐத் தாண்டும். தவணை தொடங்காத சலுகைக் காலம் இன்னும் ஓடுகிறதென்றால் மாத வட்டியையாவது கட்டிவிடுங்கள். அந்தப் பெருக்கம் அத்தோடு நிற்கும்.

ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது வட்டி எதன்மேல் என்பது. குறைந்து செல்லும் மீதிக்கா, எடுத்த முழுத் தொகைக்குமா? பின்னது ‘ஃப்ளாட் ரேட்’. 14 வீத ஃப்ளாட்டில் அதே பத்து இலட்சத்துக்கு ஐந்து வருடமும் மாதம் 28,333 ரூபா கட்ட வேண்டும். குறைந்து செல்லும் மீதிக் கணக்கில் அது கிட்டத்தட்ட 23 வீதம். அடுத்தது, வீதம் நிலையானதா மாறுவதா என்பது. 2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி, வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியபோது மாறும் வீதக் கடன்காரர்கள் பட்ட பாடு தெரிந்ததே. வீதம் இறங்கும்போது உங்கள் கடனிலும் இறக்கினார்களா என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

தவணையை நிலையியற் கட்டளையில் (மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் போகும் ‘ஸ்டாண்டிங் ஓர்டர்’) போடுங்கள், சம்பளத் திகதிக்கு இரண்டு மூன்று நாள் தள்ளி. 25ஆம் திகதி சம்பளம் என்று 25க்கே போட்டால், ஒரு போயா லீவு குறுக்கிட்டாலே கட்டளை திரும்பும், தண்டவட்டி ஏறும். இன்னொன்று கண்ணில் படாது: மாறும் வீதத்தில் தவணை 600 ரூபா கூடியிருக்கும், கட்டளை பழைய தொகையையே அனுப்பிக்கொண்டிருக்கும். மாதாமாதம் அந்த 600 சேர்ந்து ஒருநாள் ‘நிலுவை’ என்று கடிதம் வரும்.

கையில் மேலதிகக் காசு இருந்தால் எந்தக் கடனுக்கு? கிரெடிட் கார்ட் பாக்கி இருந்தால் முதலில் அதற்கு. 2017இல் தொடங்கிய அரசின் வட்டியில்லா மாணவர் கடனை அவசரப்பட்டு அடைப்பதில் வட்டி இலாபம் எதுவும் இல்லை. அதன் தவணை தவறாமல் போனால் போதும். சாதாரண வங்கிக் கடனில், மேலே சொன்ன 23,268உடன் மாதம் 5,000 கூட்டினால் 60 மாதம் 46 ஆகும், வட்டியில் ஏறக்குறைய ஒரு இலட்சம் மிஞ்சும். ஆனால் ‘கடன் முதலிலிருந்து (அசலிலிருந்து) கழிக்கவும், காலத்தைக் குறைக்கவும்’ என்று கடிதம் கொடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தவணைக்கான முற்பணமாகவே அது கிடக்கலாம். முன்கூட்டி அடைத்தால் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

சம்பளத்தைக் கணக்கிடும்போது கையில் வருவதை மட்டும் எடுங்கள். 120,000 என்றால் சேமலாப நிதிக்கு 8 வீதம், 9,600 போய்விடும். வெள்ளவத்தையில் போர்டிங் காசும் பஸ் காசும் கழிந்த பிறகு மிஞ்சுவதுதான் தவணைக்கு.

வேலை போனாலோ, கட்ட முடியாமல் போனாலோ ஒளியாதீர்கள். தவணை தவறி 90 நாள் தாண்டினால் அது செயற்படாக் கடன், அதாவது வங்கிக் கணக்கில் வராக்கடன் வகை, ஆகிவிடும். அதற்கு முன் பேசினால் கிளைக்கு இடம் கொடுக்க வழியிருக்கும். வேலை நீக்கக் கடிதத்தையும் வங்கிக் கூற்றையும் இணைத்து, ஆறு மாதம் வட்டி மட்டும் கட்ட அனுமதியோ, கால நீடிப்போ எழுத்தில் கேளுங்கள். கால நீடிப்பு தவணையைக் குறைத்தாலும் மொத்த வட்டியைக் கூட்டும் என்பதைத் தெரிந்தே கையொப்பமிடுங்கள். அடகு வைத்துத் தவணை கட்டுவது ஒரு மாதத்துக்குச் சரி, வழக்கமாகக்கூடாது.

பிணை நின்ற மாமாவிடம் அன்றே சொல்லிவிடுங்கள். கடன் தகவல் பணியகத்தின் ‘கிரிப்’ அறிக்கையில் அவர் பெயரிலும் அந்தக் கடன் பிணையாளர் பொறுப்பாகத் தெரியும். அவர் வீட்டுக் கடனுக்குப் போகும்போது அதை வங்கி பார்க்கும். உங்கள் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள், அடைத்த கடன் இன்னும் திறந்தபடி பதிவாகியிருந்தால் வங்கியைக் கொண்டே திருத்துங்கள்.

கிளை பதில் தராவிட்டால் வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத்தில் கொடுத்துப் பிரதியை வைத்திருங்கள். அதன் பிறகும் தீராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், தொலைபேசி 1935. முதலில் வங்கிக்கு எழுதினீர்களா என்றுதான் அங்கே கேட்பார்கள், அதற்குத்தான் அந்தப் பிரதி.