லண்டன் குளிரில் வயதான நாங்கள்: வாங்க வேண்டியதும் போர்த்த வேண்டியதும்

லண்டனில் முதியோர் இலவசமாகப் பஸ்ஸும் ரெயிலும் ஏறத் தருகிற பிறீடம் பாஸை என் கணவர் கடைசிவரை எடுக்கவேயில்லை. தபாற்கந்தோரிலிருந்து பாரத்தை நான்தான் எடுத்து வந்து, நிரப்பி, படமும் வைத்துக் கையெழுத்துக்கு நீட்டினேன். "இவ்வளவு காலமும் காசு குடுத்து ஏறின பஸ்ஸில இப்ப என்னை ஓசியில ஏறச் சொல்லுறீரோ?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். அதே மனிதர்தான் மார்கழியில் வீட்டுக்குள்ளே குளிர்கோட்டோடு இருப்பார். ஹீற்றிங் டயலை 15க்கு மேலே யாரும் திருப்பக்கூடாது. கேட்டால், "ஊரில ஹீற்றரோடயோ பிறந்தனாங்கள்?" என்பார்.

அவர் போய் எட்டு வருடமாகிறது. இப்போது ஹரோவிலும் வெம்பிளியிலும் எனக்குப் பழக்கமான அக்காமார், அண்ணைமார் சிலருக்குப் பாரம் நிரப்பிக் கொடுக்கிறேன். போகிற வீடுகளிலும் இந்த இரண்டையும்தான் காண்கிறேன்: வயதுக்குத் தருகிற விலைக்கழிவைக் கேட்க வெட்கம், ஹீற்றர் போடப் பயம். காசு எங்கிருந்து வரும் என்று தெரிந்தால்தான் டயலில் கை வைக்கத் துணிவு வரும். ஆகவே முதலில் காசைப் பற்றி எழுதுகிறேன், பிறகு குளிர்.

வெட்கத்தோடு தொடங்குவோம்

ஒரு அக்கா கண் பரிசோதனைக்குப் போய் முழுக்காசும் கட்டிவிட்டு வந்தா. இங்கிலாந்தில் 60 வயதிலிருந்து அது இலவசம் என்று தெரியும். ஆனால் கவுண்டரில் நின்ற பிள்ளைக்கு முன்னால் வயதைச் சொல்ல மனம் வரவில்லையாம். இன்னொரு வீட்டில் தாய்க்கு விருப்பம், மகனுக்குத்தான் கௌரவக் குறைச்சல். "நாங்கள் தாறம்தானே அம்மா, ஏன் கவுன்சிலிட்டக் கேக்கிறியள்?" பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் தருவது அன்பு, அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் உங்களிடம் கேட்க வேண்டுமே என்றுதான் அம்மா ஹீற்றரைப் போடாமல் இருக்கிறா. தன் பெயருக்கு வருகிற காசு என்றால் போடுவா.

பிறீடம் பாஸுக்கான செலவை லண்டன் கவுன்சில்கள், அதாவது உள்ளூராட்சி சபைகள், ஏற்கின்றன. அந்தக் கவுன்சிலுக்கு வருடக்கணக்காக வரி கட்டியது நீங்கள். சம்பளத்திலே ஒவ்வொரு மாதமும் நாஷனல் இன்சூரன்ஸ் பிடித்தார்களே, நான் ஆஸ்பத்திரி லோண்டரியில் வேலை செய்த 22 வருடமும் பிடித்தார்கள். இதிலே ஓசி எங்கே இருக்கிறது? கவுண்டரில் வயதைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் சொல்லவே வேண்டாம். பாஸையோ அட்டையையோ எடுத்து நீட்டுங்கள். கேட்காமல் கழிவு தருவது குறைவு, அதனால் காசு கட்டுமுன் நீட்டுங்கள்.

எதை முதலில் எடுப்பது

லண்டனில் இருப்பவர்களுக்கு 60 வயதில் 60+ ஒயிஸ்ரர் அட்டை. அரச பென்ஷன் வயது வந்ததும் பிறீடம் பாஸ். அந்த வயது 66 ஆக இருந்தது. 2026 முதல் 2028 வரை படிப்படியாக 67க்கு உயர்கிறது. இரண்டாலும் பஸ், ரியூப் என்கிற நிலத்தடி ரெயில், ஓவர்கிரவுண்ட் ரெயில் எல்லாவற்றிலும் இலவசமாகப் போகலாம். வார நாளில் காலை 9 மணிக்குப் பிறகுதான், சனி ஞாயிறும் அரச விடுமுறை நாட்களிலும் எந்நேரமும். திருவெம்பாவைக்கு விடியவே கோயிலுக்குப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். 9 மணிக்கு முன் வங்கி அட்டையைத் தட்டிக் காசு கட்டித்தான் பஸ் ஏற வேண்டும். திரும்பி வரும்போது பாஸைத் தட்டலாம்.

தூர இடத்துப் பேரப்பிள்ளைகளைப் பார்க்க ரெயிலில் போகிறவர்கள் சீனியர் ரெயில்கார்ட் எடுங்கள். 60 வயது போதும், ஆண்டுக்கு 35 பவுண்ஸ், ரிக்கற்றில் மூன்றில் ஒரு பங்கு கழியும். பேர்மிங்ஹாமுக்கு இரண்டு மூன்று தடவை போய் வந்தால் அட்டைக் காசு திரும்பி வந்துவிடும். இங்கிலாந்தில் மருந்துச்சீட்டும் 60இலிருந்து இலவசம். 65இலிருந்து காய்ச்சல் ஊசியும் இலவசம், ஐப்பசியிலேயே போட்டுவிடுங்கள்.

குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவுக்கு அரசு தருகிற வின்ரர் ஃபியூவல் பேமன்ட் 1997இல் தொடங்கியது. வீட்டுக்கு 200 பவுண்ஸ், 80 வயதானவர் இருந்தால் 300. 2024 குளிர்காலத்தில், வருமானம் குறைந்த முதியோருக்கான பென்ஷன் கிறெடிற் போன்ற உதவிகளை எடுப்பவர்களுக்கு மட்டும் என்று வெட்டினார்கள். அந்த மார்கழியில் எத்தனை வீட்டில் ஹீற்றர் அணைந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். 2025இல் திருப்பித் தந்தார்கள். ஆண்டு வருமானம் 35,000 பவுண்ஸுக்கு மேற்பட்டவர்களிடமிருந்து மட்டும் வரி வழியாகத் திரும்ப எடுப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு இது தானாகவே வங்கிக்கு வரும். "விண்ணப்பிக்க இங்கே அழுத்துங்கள்" என்று போனுக்கு மெசேஜ் வந்தால் அது களவு. அழித்துவிடுங்கள், வங்கி விபரம் கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரியது பென்ஷன் கிறெடிற். 2025-26இல் தனியாக இருப்பவரின் வாராந்த வருமானத்தை 227.10 பவுண்ஸ் வரைக்கும், தம்பதியினருக்கு 346.60 வரைக்கும் நிரப்பினார்கள்; இந்தத் தொகை ஒவ்வொரு சித்திரையிலும் மாறும். இது கிடைத்தால் இதன் பின்னால் வேறும் வரும்: மின்சார பில்லில் 150 பவுண்ஸ் குறைக்கும் வோம் ஹோம் டிஸ்கவுண்ட், தொடர்ந்து 7 நாள் சராசரி வெப்பநிலை 0 அல்லது அதற்குக் கீழே போனால் 25 பவுண்ஸ், 75 வயதானால் இலவச ரீவி லைசென்ஸ்.

79 வயது அக்கா ஒருவரின் வீட்டில் இதற்காகப் போன் எடுத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அறை குளிர்ந்து கிடந்தது, அவ மூன்று சுவெற்றர் போட்டுக் கம்பளிக்குள் இருந்தா. நாஷனல் இன்சூரன்ஸ் நம்பர், வங்கி விபரம், வாடகைக் கடிதம் மூன்றையும் மேசையில் வைத்துக்கொண்டு போனை ஸ்பீக்கரில் போட்டேன். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டோம், தந்தார்கள், காசு கேட்கவில்லை. எல்லாம் ஒழுங்காகப் போனது. சேமிப்பு எவ்வளவு என்ற கேள்வி வந்ததும் அக்கா போனைக் கையால் பொத்தினா. "செத்தவீட்டுச் செலவுக்கு மூவாயிரம் வைச்சிருக்கிறன், சொன்னால் எடுத்துப்போடுவாங்களோ?" என்று என் காதுக்குள் கேட்டா. அந்தக் காசை நினைத்தே இரண்டு வருடம் விண்ணப்பிக்காமல் இருந்திருக்கிறா. 10,000 பவுண்ஸ் வரைக்கும் சேமிப்பைக் கணக்கில் எடுக்கவே மாட்டார்கள். அதற்கு மேல் இருந்தாலும் ஒவ்வொரு 500க்கும் வாரம் 1 பவுண் வருமானமாகக் கணிப்பார்கள், அவ்வளவுதான். சொந்த வீடு இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். மகனோடு இருந்தாலும் மகனின் சம்பளத்தைப் பார்க்கமாட்டார்கள். அவவுக்கு மூன்று மாதம் பின்னோக்கியும் சேர்த்துத் தந்தார்கள். தகுதி இருந்தால் அப்படித் தருவார்கள், கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளைகள் பொறுப்பேற்று விசாவில் அழைத்து வந்த பெற்றோர், அரச உதவிப் பணம் எடுக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு வந்திருக்கலாம். அவர்கள் இலவசமாக ஆலோசனை தரும் சிற்றிசன்ஸ் அட்வைஸிலோ நல்ல குடிவரவு வழக்கறிஞரிடமோ கேட்காமல் எதற்கும் விண்ணப்பிக்கக்கூடாது. எடுக்கக்கூடாததை எடுத்தால் விசாவுக்கே இடைஞ்சல் வரும். ஏஜ் யுகே என்ற முதியோர் தொண்டு நிறுவனத்திலும் இலவசமாகப் பாரம் நிரப்ப உதவுவார்கள்.

இனிக் குளிர்

இருக்கிற அறை 18 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது. உடம்பு குளிர்ந்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கும், பிரஷர் ஏறும், இரத்தம் தடிக்கும். மாரடைப்பும் பாரிசவாதமும் குளிர்காலத்தில் கூடுவது இதனால்தான். வயது போகப் போக உடம்புக்குக் குளிர் உறைப்பதும் குறைகிறது. ஆகவே "எனக்குக் குளிரேல்லை" என்பதை நம்பாதீர்கள். ஒரு சின்ன அறை தெர்மாமீற்றர் வாங்கி, நீங்கள் இருக்கும் கதிரைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

வீடு முழுவதையும் சூடாக்கக் காசு போதாவிட்டால் பகலில் இருக்கும் அறையையும் படுக்கும் அறையையும் மட்டும் சூடாக்குங்கள். மற்ற அறை ரேடியேற்றர்களைக் குறைத்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள். ரேடியேற்றருக்கு முன்னால் சோபா இருந்தால் தள்ளி வையுங்கள். கதவின் கீழ் இடுக்கிலே பழைய வேட்டியையோ சேலையையோ இறுக்கிச் சுருட்டி நீளமாகத் தைத்துப் போடுங்கள். என் வாசலில் கிடப்பது அவருடைய வேட்டிதான். பொழுதுபடுமுன் திரையை இழுத்து மூடுங்கள். குசினியில் சமைக்கும்போது மட்டும் யன்னலைச் சற்றுத் திறந்து ஆவியை வெளியே விடுங்கள், இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். காஸ் அடுப்பை எரியவிட்டுக் குளிர்காயவே கூடாது. அதிலிருந்து வரக்கூடிய காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணம் கிடையாது, நித்திரையிலேயே ஆளை எடுத்துவிடும்.

உடுப்பு விசயத்தில் எங்கள் ஆட்கள் செய்கிற பிழை, மேலுக்கு மூன்று சுவெற்றர், காலுக்கு ஒன்றுமில்லை. சேலை உடுக்கிறவர்கள் உள்பாவாடைக்குக் கீழே தேர்மல் காற்சட்டை போடுங்கள், இடுப்பு தெரிகிற இடத்துக்குத் தேர்மல் பெனியனை நீளமாக இறக்கிவிடுங்கள். சாரம் கட்டும் அண்ணைமாரும் அப்படியே. சாரத்துக்குள் குளிர் கீழிருந்து ஏறும். தடித்த ஒரு கோட்டைவிட மெல்லிய மூன்று உடுப்பு நல்லது, இடையில் நிற்கும் காற்றுத்தான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. வெறுங்காலோடு நடக்கும் பழக்கத்தைக் குளிர்காலத்தில் விடுங்கள். குதி மூடிய, அடியில் ரப்பர் உள்ள வீட்டுச் சப்பாத்து என்றால் இரவில் வழுக்காது. சாமி கும்பிட நிலத்தில் இருப்பதானால் கீழே கம்பளியை மடித்துப் போடுங்கள்.

விரத நாளில் விடியத் தலை முழுகிவிட்டு ஈரக்கூந்தலோடு பஸ்ஸுக்கு நிற்பதைப் பலர் பக்தி என்று நினைக்கிறார்கள். முதல்நாள் பின்னேரம் தலை முழுகி உலர்த்திவிடுங்கள். காலையில் மேல் கழுவினால் போதும், முருகன் ஒன்றும் சொல்லமாட்டார்.

சுடுதண்ணிப் போத்தலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 2019 தை மாதம் ஒன்று வெடித்து என் தொடை வெந்தது. பத்து வருடப் பழைய போத்தல், கொதிக்கக் கொதிக்க ஊற்றியிருந்தேன். இப்போது இப்படிச் செய்கிறேன். போத்தலின் கழுத்துப் பக்கத்தில் பூப்போல ஒரு அடையாளம் அச்சடித்திருக்கும். நடுவில் உள்ள இலக்கம் செய்த ஆண்டு, இதழ்கள் மாதம். இரண்டு வருடத்துக்கு மேல் பாவிப்பதில்லை. கேத்தல் கொதித்ததும் சில நிமிடம் ஆறவிட்டு, மூன்றில் இரண்டு பங்குக்கு ஊற்றி, மெதுவாகச் சரித்துக் காற்றை வெளியேற்றி மூடுகிறேன். போத்தலைக் கவிழ்த்து ஒழுகுகிறதா என்று ஒரு தடவை பார்ப்பேன். உறை இல்லாமல் கட்டிலுக்குக் கொண்டுபோவதில்லை. நீரிழிவால் கால் மரத்தவர்கள் போத்தலைக் காலடியில் வைத்துக்கொண்டு படுக்கவே கூடாது. சுட்டாலும் தெரியாது, காலையில் கொப்புளம்தான் தெரியும். படுக்குமுன் படுக்கையைச் சூடாக்கிவிட்டுப் போத்தலை எடுத்துவிடுங்கள்.

மின்கம்பளி வைத்திருப்பவர்களுக்கும் அதே. 100 வாட் கம்பளி பத்து மணித்தியாலம் எரிந்தால்தான் ஒரு யூனிட், கால் பவுண் சுற்றி வரும். ஆகவே செலவுக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் மடித்து வைக்காமல் சுருட்டி வையுங்கள், கருகிய அடையாளம் கண்டால் எறியுங்கள். மின்கம்பளியும் சுடுதண்ணிப் போத்தலும் ஒரே கட்டிலில் சேரக்கூடாது.

படுக்கும்போது மல்லியும் வேர்க்கொம்பும் போட்டுக் கொதிக்க வைத்ததைப் பிளாஸ்கில் ஊற்றிக் கட்டிலருகே வையுங்கள். நடு இரவில் குளிருது என்று குசினிக்கு இறங்கிப் போய் விழுந்தவர்களை எனக்குத் தெரியும்.

தனியாக இருப்பவர்கள் இருவர் சேர்ந்துகொள்ளுங்கள். நானும் அந்த 79 வயது அக்காவும் ஐப்பசியிலிருந்து பங்குனிவரை தினமும் இரவு ஏழரைக்குப் போன் எடுப்போம். "என்ன நம்பர்?" என்று நான் கேட்பேன். சாமித்தட்டுக்குப் பக்கத்தில் தொங்கும் தெர்மாமீற்றரை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுவா. 17 என்றால், டயலைத் திருப்புகிற சத்தம் கேட்கும்வரை நான் போனை வைப்பதில்லை.