பழைய டீசல் லோகோவைக் காதால் அடையாளம் காண்பது எப்படி?

ஐம்பது வயதைத் தாண்டிய டீசல் லோகோக்கள் இன்றும் பல நாடுகளில் சரக்கு இழுத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பார்க்கப் புறப்படும் புதியவர்கள் முதலில் கேமராவைத்தான் தேடுவார்கள். முதல் நான்கைந்து முறை அது பையிலேயே இருக்கட்டும் என்பேன். பழைய லோகோ கைமாறும் ஒவ்வொரு முறையும் பெயின்ட் மாறும், எண் மாறும், சில வேளைகளில் கேபினின் முகமே மாறிவிடும். தொடக்கத்தில் நான் பெயின்டையும் எண்ணையும் நம்பிப் பலமுறை தவறாகக் குறித்துவைத்தேன். காதை நம்பத் தொடங்கிய பிறகுதான் எதிரே நிற்பது எது என்பது எனக்குப் பிடிபட்டது.

முதலில் ஒரு சொல் விளக்கம். இங்கே ‘லோகோ’ என்றால் ரயிலை இழுக்கும் முழு வண்டி. ‘எஞ்சின்’ என்றால் அதன் வயிற்றுக்குள் ஓடும் டீசல் எந்திரம். நாம் பேசப்போகும் லோகோக்களில் எஞ்சின் நேராகச் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. அது ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது. அந்த மின்சாரத்தில் அச்சுகளோடு பிணைந்த மோட்டார்கள் ஓடுகின்றன. அதனால்தான் ரயில் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே எஞ்சின் உச்சக் குரலில் முழங்க முடிகிறது. நாம் கேட்கப் போவது அந்த முழக்கத்தைத்தான்.

படி 1: இடம் பிடித்தல்

ரயில் பறந்து போகும் இடம் வேண்டாம். பத்து நொடியில் எல்லாம் முடிந்துவிடும். பாரமான ரயில் நின்று கிளம்பும் சிக்னல், நீண்ட ஏற்றம், யார்டிலிருந்து வெளியேறும் பாதை ஆகியவற்றை ஒட்டிப் பொதுமக்கள் நிற்க அனுமதியுள்ள இடத்தைத் தேடுங்கள். நடைமேடையின் கோடியோ சாலைப் பாலமோ போதும். தண்டவாளத்தின் மீதும் அனுமதியில்லாமல் யார்டுக்குள்ளும் கால் வைக்கக் கூடாது. காற்று தண்டவாளத்திலிருந்து உங்களை நோக்கி வீசும் பக்கமாக நில்லுங்கள்.

படி 2: நிற்கும்போது கேளுங்கள்

சிக்னலுக்காகக் காத்து நிற்கும் லோகோதான் நல்ல ஆசான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் கேளுங்கள். அது ரீங்காரமா, தாளமா?

அமெரிக்காவின் இஎம்டி நிறுவனத்தின் 567, 645, 710 வரிசை எஞ்சின்கள் டூ ஸ்ட்ரோக் வகை. (அந்த எண்கள் ஒரு சிலிண்டரின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்கின்றன.) ஆல்கோ நிறுவனத்தின் 251 எஞ்சினோ ஃபோர் ஸ்ட்ரோக். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை வெடிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 சிலிண்டர் கொண்ட 645 எஞ்சின் சும்மா ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 315 சுற்று. அதாவது நொடிக்கு 84 வெடிப்பு. கிடாரின் மிகத் தடித்த தந்தியின் சுருதியும் ஏறக்குறைய அதுவே. 16 சிலிண்டர் ஆல்கோ 400 சுற்றில் ஓடினாலும் நொடிக்கு 53 வெடிப்புதான். முன்னது ஒரே சீரான ‘ம்ம்ம்’ என்று காதில் ஒட்டிக்கொள்ளும். பின்னதில் கொதிக்கும் பெரிய அண்டாவைப் போல ஒரு குமுறலும் ஏற்ற இறக்கமும் இருக்கும். ஒருமுறை இந்த வேறுபாட்டைப் பிடித்துவிட்டால் பிறகு தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவீர்கள்.

டூ ஸ்ட்ரோக் எல்லாம் ஒரே குரலில் பேசும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சோவியத் நாட்டின் எம்62 லோகோவிலும் 12 சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்தான். ஆனால், கிழக்கு ஜெர்மனிக்கு முதலில் வந்தவை சைலன்சர் இல்லாமல் வந்ததால் அங்கே அதற்கு ‘டைகா முரசு’ (டைகா என்பது ரஷ்யாவின் ஊசியிலைக் காடு) என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பிரிட்டனின் கிளாஸ் 20 லோகோவை அந்நாட்டு ரசிகர்கள் ‘சாப்பர்’ என்பார்கள். அதன் எட்டு சிலிண்டர் எஞ்சின் தூரத்தில் ஹெலிகாப்டர் வருவதுபோல் ஒலிக்கும்.

படி 3: கிளம்பும் நொடி

இதற்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தோம். சிக்னல் விழுந்ததும் பிரேக் விடுபடும் காற்றொலி கேட்கும். அமெரிக்க வடிவமைப்புகளிலும் அவற்றின் வழிவந்தவற்றிலும் விசைப்பிடிக்கு எட்டு நாட்ச் (படி) உண்டு. ஓட்டுநர் ஒவ்வொன்றாக ஏற்றுவார். விரல் விட்டு எண்ணுங்கள். ஒவ்வொரு நாட்சுக்கும் குரல் ஒரு படி ஏறும், சற்று நிலைக்கும், மறுபடி ஏறும். இதற்கிடையே வேகன்களின் கப்ளிங் ஒவ்வொன்றாக இழுபடும் ‘டடக் டடக்’ ஓசை லோகோவிலிருந்து தொடங்கி ரயிலின் வால்வரை ஓடி மறையும். சக்கரம் வழுக்கினால் அடியிலிருந்து கிறீச்சென்ற சத்தம் வரும். உடனே தண்டவாளத்தில் மணல் தூவப்படும்.

இஎம்டியில் கவனிக்க வேண்டியது, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ சார்ஜரின் சீழ்க்கை. குறைந்த நாட்ச்களில் அந்த டர்போவை எஞ்சினே பல்சக்கரங்கள் வழியாகச் சுழற்றுகிறது. புகைவாயுவின் விசை போதுமான அளவு கூடியதும் ஒரு கிளட்ச் அதை விடுவித்துவிடும். அதன்பின் டர்போ தன் போக்கில் சுழலும். உயர்ந்த நாட்ச்களில் மெல்லிய சீழ்க்கை ஒன்று தனியே பிரிந்து மேலே ஏறுவது கேட்கிறதா? அதுதான். டர்போ இல்லாத 645 எஞ்சின்களும் உண்டு. 2,000 குதிரைத்திறன் கொண்ட ஜிபி38-2 லோகோவில் இருப்பது அத்தகைய எஞ்சின்தான். அதில் சீழ்க்கை இருக்காது. வெடிப்பொலி கரகரப்பாக, நேராக நெஞ்சில் மோதும்.

படி 4: புகையைப் படித்தல்

ஆல்கோ கிளம்பும்போது கூரையிலிருந்து கரும்புகை குபீரென்று எழும். பழுது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் டர்போவுக்குப் புகைவாயுவைத் தவிர வேறு உந்துதல் இல்லை. நாட்ச் ஏறியதும் எரிபொருள் உடனே கூடிவிடும். டர்போ வேகம் பிடித்துக் காற்றை அனுப்பச் சில நொடிகள் ஆகும். அந்த இடைவெளியில் எரியாத கரிதான் கருமையாக வெளியேறுகிறது. டர்போ வேகம் பிடித்ததும் புகை வெளுத்து மெலியும். நாட்சை எண்ணிக்கொண்டே புகையையும் பார்த்தால் இரண்டும் கைகோத்துப் போவது தெரியும். ஆல்கோவுக்கு ‘கௌரவ நீராவி லோகோ’ என்று ரசிகர்கள் பட்டம் சூட்டியது இதனால்தான். முழு விசையில் தொடர்ந்து கரும்புகை வந்தால் மட்டும் பராமரிப்புக் குறை என்று சந்தேகிக்கலாம்.

படி 5: இப்போது கண்ணைத் திறங்கள்

காது சொன்னதைக் கண்ணால் சரிபாருங்கள். லோகோவின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் ஒவ்வொரு சட்டகத்திலும் (போகி) எத்தனை அச்சு? கூரையில் ரேடியேட்டர் விசிறி எத்தனை? ஜிபி38-2இல் இரண்டு விசிறி, ஜிபி40-2இல் மூன்று. 1972-இல் வெளிவந்து, 4,000-ஐ நெருங்கும் எண்ணிக்கையில் தயாரான எஸ்டி40-2-ஐ அறிவது இன்னும் எளிது: ஆறு அச்சு, உடலைவிட அடிச்சட்டம் நீளமானதால் முன்னும் பின்னும் திண்ணைபோல் வெற்றிடம். ஆல்கோ வழிவந்தவற்றில் இந்தியாவின் டபிள்யூடிஎம்-2 புகழ்பெற்றது. 1962-இல் வந்து, 1964 முதல் வாரணாசியில் உருவான 2,600 குதிரைத்திறன் லோகோ. ஆல்கோ 1969-இல் லோகோ தயாரிப்பை நிறுத்திய பின்னும் 251 எஞ்சின் பிற நாடுகளில் பல்லாண்டு காலம் பிறந்துகொண்டே இருந்தது.

படி 6: குறிப்பும் பதிவும்

தேதி, நேரம், இடம், லோகோ எண், ரீங்காரமா தாளமா, சீழ்க்கை உண்டா, புகையின் நிறம், வேகன் எண்ணிக்கை. இவ்வளவு போதும். ஊகத்தை முதலில் எழுதுங்கள், பிறகே விடையைச் சரிபாருங்கள். தவறிய ஊகத்தை அடித்துவிடாமல் பக்கத்தில் சரியானதை எழுதிவையுங்கள்.

பதிவு செய்ய மொபைல் போதும். மைக் துளையின் மேல் மெல்லிய பஞ்சுறை போட்டால் காற்றின் இரைச்சல் குறையும். ஒலி அளவைத் தானாகச் சரிசெய்யும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் நாட்ச் ஏறும் எழுச்சியையெல்லாம் அது தட்டையாக்கிவிடும். ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் செயலி இருந்தால் நின்ற நிலையில் 84 ஹெர்ட்ஸ் அருகே மேடு தெரிகிறதா, 53 அருகிலா என்று பாருங்கள்.

கடைசி வேகன் கடந்ததும் பதிவை நிறுத்திவிடாதீர்கள். இன்னும் இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். வேகன்களின் இரைச்சல் அடங்கியதும், ஏற்றத்துக்கு அப்பாலிருந்து எட்டாவது நாட்சில் உழைக்கும் எஞ்சினின் குரல் மட்டும் தனித்துக் கேட்கும்.